களவா மீனின் மறுபக்கம்

மீன் மேஜைக்கு வந்தபோதே அது களவா என்று ரெமிஜியுஸுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று அவசரமாகக் கீரைத் தட்டைப் பார்த்துக்கொண்டான். கண்ணைக் கொண்டுபோய் கீரையில் வைக்கலாம், மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆவியில் வேகவைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் மேலே பரத்தி, காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுட ஊற்றி, அது இன்னும் தோலின் மேல் சடசடவென்று பேசிக்கொண்டிருக்கும்போதே லின் வீட்டம்மா அந்த நீளத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, மேஜை நடுவிலிருந்த சுழலும் கண்ணாடியில் வைத்தாள். தலை வாலோடு முழு மீன். வெந்த கண் வெள்ளை முத்தாக உருண்டு வெளியே நின்றது. அப்படி நின்றால் அது இன்றைக்குப் பிடித்த மீன், ஐஸ் பெட்டியைப் பார்க்காத மீன். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆலந்தலைக் கடற்கரையில் நடக்கப் பழகும்போதே வந்துவிடுகிற பாடம் அது. ஆனால் இந்த மேஜையில் அவன் மீனே தின்னாதவன். வலப்பக்கம் முதலாளி நல்லசிவம், திருப்பூரில் பனியன் கம்பெனி, சுத்த சைவம். இடப்பக்கம் மேனேஜர் குப்புராஜ், எது வந்தாலும் முதலில் போனில் படம் எடுத்து, ஊரிலிருக்கும் நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, பிறகு தின்கிறவர். எதிரே லின், பின்னல் எந்திரம் விற்பவர், எதைச் சொன்னாலும் சிரிப்பவர். அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த பெண். அவள் சீனப் பெண்தான், கடலே இல்லாத வடக்கு ஊர்க்காரி, பெய்ஜிங்கில் தமிழ் படித்தபோது தனக்குத் தானே நிறைமதி என்று பெயர் வைத்துக்கொண்டாளாம். "ஐயா, இவ்வுணவு விருந்தினரைச் சிறப்பிப்பதற்காகச் சமைக்கப்பட்டது" என்று அவள் சொன்னாள். குப்புராஜ், "சிறப்பிச்சுட்டாப் போச்சு" என்று கரண்டியை எடுத்தார்.

நல்லசிவம் தன் பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். எடுப்பார் என்று தெரியும், வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் இது நடக்கிறது. சோற்றில் முதலில் தனக்கு ஒரு கரண்டி, பிறகு, "தம்பி, கிண்ணத்த நீட்டு. நீயும் நானும் ஒரே கட்சி. இவனுக திங்கட்டும்" என்று அவனுக்கு ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டி பருப்புப் பொடி விழும்போதெல்லாம் ரெமிஜியுஸுக்குக் காது மடல் சுடும். அவர் இதை அன்பினால் செய்கிறார், அதுதான் கஷ்டம். ஒரு முரட்டு ஆளிடம் பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு சுடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, "அப்பா என்ன பண்றாருப்பா?" என்று குப்புராஜ் கேட்டார், சும்மா கேட்கிற கேள்வி. பாலிடெக்னிக் ஹாஸ்டலில், இவன் கொடியில் காயப்போட்ட சட்டையை ஒருத்தன் மோந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு மொத்த வராந்தாவையும் சிரிக்க வைத்தானே, அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் இருந்ததோ என்னவோ, "கடல் பொருள் ஏத்துமதி சார்" என்று வாய் சொல்லிவிட்டது. அப்பா பிடிக்கிற மீனில் பாதி எங்கோ கப்பலேறத்தானே செய்கிறது, அப்படிப் பார்த்தால் ஏற்றுமதிதானே என்று அன்றைக்கு மனசு ஒரு வழக்காடியது. ஜெயித்த மாதிரியும் இருந்தது. பிறகு நல்லசிவம், "லாட்ஜுல கெடந்து என்னத்துக்குச் சீரழியற, எங்கூட்டு மாடி ரூம் சும்மாதான் கெடக்குது. ஒண்ணுதான், எங்கூட்டுல கவிச்சி பொழங்கறதில்ல, உனக்குச் சிரமமா இருக்குமே?" என்றபோது, "இல்லீங்க சார், எனக்கு மீன் ஒத்துக்காதுங்க" என்று சொன்னானே, அதற்கு எந்த வழக்கும் கிடையாது. அந்த 'ங்க' கூட அவர்களுடையது. கடன் வாங்கிய நாக்கு. அந்த நாக்கோடுதான் இந்த ஊருக்கு வந்தான். சுவான்சௌ என்று பெயர், கடலோரம். ஓட்டலுக்குப் பின் சந்தில் இரண்டு நாளாக விடியும் முன்பே போய் நின்றான், முதலாளிக்குத் தெரியாமல், அறையில் குறட்டை விடும் குப்புராஜுக்குத் தெரியாமல். அங்கே ஒரு கடையில் சிப்பியைக் கிழங்கு மாவிலும் முட்டையிலும் குழைத்துக் கல்லில் ஊற்றி, ஓரம் முறுகமுறுகப் புரட்டிக் கொடுக்கிறார்கள். அரிசிக் கஞ்சி கொடுக்கிறார்கள், தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலி. கஞ்சியும் நெத்திலியும்! ஒரு கிண்ணம் முடிவதற்குள் இன்னொன்றுக்குக் கை நீட்டினான், பசியா வேறெதுவுமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குனிந்தே தின்றான், திருடித் தின்கிறவன் மாதிரி. திரும்பி வந்து எலுமிச்சை சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினான். காலைச் சாப்பாட்டில் நல்லசிவம் பொடி டப்பாவைத் திறந்து, "வயித்தக் காயப் போடாத தம்பி, சாப்பிடு" என்றார். சாப்பிட்டான். எல்லாவற்றையும் சாப்பிட்டான்.

இப்போது குப்புராஜ் அந்தக் களவாவைச் சித்திரவதை செய்துகொண்டிருந்தார். மேல்பக்கச் சதையை எல்லோரும் எடுத்தாயிற்று. லின் எடுத்தார், நிறைமதி ஒரு சிறு துண்டு எடுத்தாள், லின் வீட்டம்மா கன்னத்துச் சதையை எடுத்துக் குப்புராஜின் கிண்ணத்தில் வைத்தாள். நடு முள் வெள்ளைச் சீப்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அடிப்பக்கத்துச் சதைக்குக் குப்புராஜ் முள்ளின் இடுக்கு வழியே கரண்டியை விட்டு நோண்டினார். சதை உடைந்து, தட்டில் தேங்கிய சாற்றில் விழுந்து, தோல் கிழிந்து, வால் ஒரு பக்கமாக இழுபட்டது. "என்றா இது, மேல இருந்தது பஞ்சாட்டம் வந்துச்சு, கீழ இருக்கறது வர மாட்டேங்குது." பார்க்கப் பார்க்க ரெமிஜியுஸின் விரல்கள் மேஜைக்கு அடியில் தாமாக அசைந்தன. நல்ல மீன் அது. ஒருத்தன் இருட்டில் எழுந்து போய், பாறை இடுக்கில் தூண்டில் இறக்கிக் காத்துக் கிடந்து எடுத்த மீன். அதை இப்படிக் கொத்துக்கறி போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் கைக்கு மனசு வரும்? கை நீண்டுவிட்டது. அவன் அனுமதி கொடுத்ததாக நினைவில்லை. கண்ணாடி சுழன்று தட்டு அவன் முன் வந்த நேரம், ஒரு கரண்டியைச் செவுளுக்கு அடியிலும் இன்னொன்றை வால் மூட்டிலும் கொடுத்து, ஒரே வீச்சில், சாறு ஒரு சொட்டுத் தெறிக்காமல், மீனைப் புரட்டிப் போட்டான். பொத்தென்ற சத்தம்கூட இல்லை. முழுசாக, வெள்ளையாக, தொடாத மறுபக்கம் மேலே வந்தது. குப்புராஜ், "அட! பாருங்க மொதலாளி, மீனே திங்காதவன் மீனத் திருப்பற அழக! எங்கூட்டுக்காரிக்குக்கூட இப்படி வராதப்பா" என்று தொடையில் தட்டினார். ரெமிஜியுஸுக்கு உள்ளே ஒரு சின்னப் பெருமை எழுந்தது, சொல்லவே கூச்சமான பெருமை. அந்தப் பெருமையோடு நிமிர்ந்தான். லின் வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

அவள் திட்டவில்லை, எழுந்திருக்கவில்லை. குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் படுக்கப் போட்டுவிட்டு, திருப்பிப் போட்ட மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். லின் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார், நிறுத்தியதை மறைக்க மறுபடி சிரித்தார், எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். நிறைமதிக்கு ஒன்றும் புரியவில்லை, அவள் ஊரில் கடல் இல்லை. நல்லசிவத்துக்கும் குப்புராஜுக்கும் புரிய வழியே இல்லை. ரெமிஜியுஸுக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்லாமல், ஒரு நொடியில், காலுக்கடியில் அலை மணலை இழுக்குமே அது மாதிரி. இந்த முகத்தை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான். ஆறேழு வயதிருக்கும். அம்மாவுக்கு உதவுகிறேன் என்று சோற்றுப்பானையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயட்டுமென்று கவிழ்த்து வைத்தான். குடத்தோடு வந்த அம்மா பார்த்தாள். அடிக்கவில்லை. குடத்தை இறக்கிவிட்டு, ஓடிப்போய்ப் பானையை நிமிர்த்தி, உள்ளே ஒரு பிடி அரிசியைப் போட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா கடலில் இருந்தார். ஆள் கடலில் இருக்கும்போது வீட்டில் பானையைக் கவிழ்க்க மாட்டார்கள், பானை என்ன, ஒரு தம்ளரைக்கூடக் கவிழ்க்க மாட்டார்கள். அன்றைக்கு வர வேண்டியவர் மறுநாள் சாயங்காலம் வந்தார், எஞ்சின் நின்றுபோய், இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது. நீ பானையைக் கவிழ்த்ததால்தான் என்று யாரும் அவனைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பான். சொல்லாததால் அது அப்படியே நின்றுவிட்டது. ஊருக்கு ஊர் பானை வேறாக இருக்கும்போல. இங்கே மீன். மீனைத் திருப்பினால் படகு கவிழும். வீட்டுக்குள் நுழையும்போதே சுவரில் ஒரு படகுப் படம் இருந்தது, முகப்பில் இரண்டு பெரிய கண் எழுதிய மரப்படகு. "இஃது அம்மையாரின் தந்தையாருடைய படகு" என்று நிறைமதி சொன்னாள். பார்த்தானே, அந்தக் கண்களை நின்று பார்த்தானே, பார்த்துவிட்டுத்தானே வந்து உட்கார்ந்தான். இந்த வீட்டில் யார் கடலில் இருக்கிறார்கள்? அண்ணனா, தம்பியா? லின் ஏதோ சொல்லிக் கண்ணாடியைச் சுழற்றிவிட்டார். கீரை போயிற்று, வேர்க்கடலை போயிற்று, முதலாளிக்காகப் புதுச் சட்டி வாங்கி அதில் செய்ததாகச் சொன்ன காய்கறிச் சுருள் போயிற்று, மீன் வந்தது. போயிற்று. கடலை, கீரை, சுருள், மறுபடி மீன். சுற்றுக்குச் சுற்று குப்புராஜ் அதன் மறுபக்கத்தையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார். எங்கே சுற்றினாலும் அவனிடம் வந்து ஒரு கணம் நிற்கிற மாதிரி இருந்தது, வெந்த கண்ணைத் திறந்துகொண்டு.

மன்னிப்புக் கேட்கலாம். ஒரே வரி. எங்க வீட்டுலயும் இப்படி உண்டும்மா, தெரியாமப் பண்ணிட்டேன். அதைச் சொன்னால் அடுத்த வரி தானாக வரும், உங்க வீட்டுலயா, ஏன், என்று. மாடி அறை, பொடி டப்பா, ஒரே கட்சி, ஒவ்வொன்றாகச் சரியும். வேலை போகுமா? போகாது, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. போகாமலிருப்பதுதான் பயமாக இருந்தது. அவர் அவனைப் பார்ப்பார், இத்தனை நாள் யாருக்குடா நான் பொடி போட்டேன் என்று. நேற்று அவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள், அந்தக் காலத்தில் தமிழ் வியாபாரிகள் இங்கே வந்து சிவன் கோயில் கட்டியிருக்கிறார்களாம், அதன் கல்லெல்லாம் அங்கே நிற்கிறது. நல்லசிவம் ஒரு தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கடல் தாண்டி வந்திருக்கானுக பாரு தம்பி. என்ன தெகிரியம்! நெனச்சாலே மேலு சிலுக்குது" என்றார், குரல் தழுதழுத்தது. அப்போது சொல்லியிருக்கலாம். அந்தக் கப்பலுக்குப் பாய் கட்டியவன் எவன் சார், சுக்கான் பிடிச்சவன் எவன் சார் என்று விளையாட்டாகவே ஆரம்பித்திருக்கலாம். "ஆமாங்க சார்" என்றான். இந்தப் பானை, மீன் சாத்திரத்தை அவன் நம்புகிறானா என்று கேட்டால், நம்பவில்லை. எந்திரம் படித்தவன். எஞ்சின் நிற்பது டீசலில் தண்ணீர் கலந்தால், பானை கவிழ்ந்தால் அல்ல. ஆனால் நம்பாதவனுக்கு ஏன் அந்த மீனை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை? காலையில் அம்மாவிடம் பேசியது இப்போது ஒவ்வொரு சொல்லாகக் கனத்தது. குளியலறைக்குள் நின்று, குழாயைத் திறந்துவிட்டுப் பேசினான், தன் ஊர்ப் பேச்சு குப்புராஜுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. "தண்ணிச் சத்தம் கேக்கே, எங்கய்யா நிக்க?" "ரூம்லதாம்மா." "அப்பா நேத்தே தங்கலுக்குப் போயிட்டாவ, நாளைக்கு விடியக்காலம் வருவாவ. காத்துதான் கொஞ்சம் எடுத்துட்டு நிக்கு. நீ சாப்ட்டியா மக்கா? அங்க மீனு கெடைக்குமா?" "கெடைக்கும்மா." "ஒன் நாக்குக்கு அதுதான வேணும். அப்பாட்ட சொல்லுதேன், சந்தோசப்படுவாவ." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான். காற்று எடுத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல். அவர் அங்கே தண்ணீர் மேல் இருக்க, இவன் இங்கே தன் கையால், அதுவும் பெருமையாக, நாலு பேர் மெச்ச.

லின் வீட்டம்மா இப்போது மீனைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. மேஜையில் மற்ற யார் முகமும் மாறவில்லை, அவள் முகம் மாறிய அதே நேரத்தில் மாறிய இன்னொரு முகம் இவனுடையதுதான். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் நிறைமதி பக்கம் சாய்ந்து மெல்ல ஏதோ சொன்னாள். நிறைமதி நிமிர்ந்து உட்கார்ந்து, மேடையில் பேசுகிறவள் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஐயா, அம்மையார் உங்களிடம் வினவுகிறார். உங்கள் இல்லத்திலிருந்து கடலுக்குச் செல்பவர் யார்?" கண்ணாடி சுழல்வது நின்றது. குப்புராஜ் வாயில் சோற்றோடு, "யாரு, இவனூட்டுலயா? இவன் கடலப் பாத்தாலே வாந்தியெடுக்கற ஆளுங்க" என்று சிரித்தார். நல்லசிவம் பரிவோடு திரும்பி, "தம்பிக்கு மீனே ஆகாதுன்னு சொல்லம்மா" என்றார். எவ்வளவு எளிதாக வழி விட்டார்கள்! இரண்டு பக்கமும் கதவு திறந்து, போ போ என்கிறார்கள். ரெமிஜியுஸின் வாயில் அப்பா இருந்தார். உப்புப் பூத்த முழங்கை, நகக்கண்ணில் போகாத கறுப்பு, பாலிடெக்னிக்கில் கொண்டுவந்து விட்ட அன்று வாசலுக்கு வெளியிலேயே நின்று, "நான் உள்ள வரலைய்யா, நீ போ" என்று சொன்ன அந்த முகம். அவருக்கே தெரிந்திருந்தது, மகன் எதற்கு வேகமாக நடக்கிறான் என்று. "யாருமில்லீங்க" என்றான் ரெமிஜியுஸ். சொல்லி முடித்ததும் நாக்கு குளிர்ந்துவிட்டது. கடலில் ஒருத்தர் இருக்கும்போது அவர் இல்லவே இல்லை என்று சொல்கிறவன், பானையை மட்டுமா கவிழ்க்கிறான்?

நிறைமதி சொன்னாள். லின் வீட்டம்மா கேட்டுக்கொண்டாள், பிறகு நெஞ்சில் கையை வைத்து, பெரிதாக மூச்சு விட்டு, முதல்முறையாகச் சிரித்தாள். அப்படியொரு நிம்மதி அந்தச் சிரிப்பில். "நல்லது என்கிறார் அம்மையார். அவருடைய இல்லத்திலும் இப்போது எவரும் கடலில் இல்லை. படகை விற்றுவிட்டார்கள். தங்களுக்காகத்தான் அஞ்சினாராம். எவரும் இல்லையென்றால் கவலையில்லை, கவிழ்ந்தால் கவிழட்டும் என்கிறார்." நிறைமதிக்கே கடைசிச் சொற்கள் எதைப் பற்றியவை என்று விளங்கவில்லை, முகத்தில் கேள்வியோடு நிறுத்தினாள். லின் வீட்டம்மா எழுந்து, நீளத் தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள், சமையலறைக்குக் கொண்டுபோகத் திரும்பினாள். கவிழ்ந்த மீன் கவிழ்ந்தபடியே போகிறது. ஓர் எட்டு. போய்விட்டால் அவ்வளவுதான், அது குப்பைக்குள் எந்தப் பக்கமாக விழுந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள். இன்னோர் எட்டு. அவனுக்காக அஞ்சினாளாம். பெயர் தெரியாத, பாஷை தெரியாத ஒருத்தி, அவன் அப்பாவுக்காக இவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மகன் அவளை நிம்மதியாக அனுப்பிவிட்டான். "நில்லுங்க" என்ற சத்தம் தன்னுடையதா என்று அவனுக்கே தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கரண்டி தேடவில்லை. அவள் கையிலிருந்த தட்டிலேயே, வலது கையின் இரண்டு விரலைச் செவுளுக்குள் கொடுத்து, இடது கையால் வாலைப் பிடித்து, மீனைத் தூக்கித் திருப்பி வைத்தான். இந்தத் தடவை வீச்சு வரவில்லை, சாறு அவன் சட்டையில் தெறித்தது. முதலில் மேலே இருந்த பக்கம் மேலே வந்தது. அதில் இப்போது வெறும் முள்தான். இருந்தாலும் மேலே இருக்க வேண்டிய பக்கம் அது. "எங்கப்பா கடலுக்குப் போயிருக்காவ" என்றான், தட்டைப் பார்த்து. குழாய்ச் சத்தம் இல்லாமல் அந்தப் பேச்சு அந்த அறையில் விநோதமாகக் கேட்டது. "என்னப்பா, ஏத்துமதின்னியே?" என்றார் குப்புராஜ், இன்னும் பாதிச் சிரிப்போடு. "இல்லண்ணே. வள்ளம். சொந்த வள்ளங்கூடக் கெடையாது." குப்புராஜின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. நல்லசிவம் பொடி டப்பாவின் மூடியைத் திருகி மூடினார், மூடி இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். அவர் பக்கம் திரும்ப ரெமிஜியுஸால் முடியவில்லை. நிறைமதி தணிந்த குரலில் லின் வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அவள் சொன்னதை வாங்கித் திருப்பிச் சொன்னாள். "எப்போது கரை திரும்புவார் என்று கேட்கிறார்." "நாளைக்கு விடியக்காலம்." லின் வீட்டம்மா தலையசைத்தாள். சமையலறைக்குப் போகவில்லை. முள்ளும் தலையும் வாலுமாக இருந்த அந்தத் தட்டைக் கொண்டுவந்து மேஜை நடுவில் பழைய இடத்தில் வைத்து, ஆடிக்கொண்டிருந்த கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினாள். "அதுவரை இது இங்கேயே இருக்கட்டும் என்கிறார்" என்றாள் நிறைமதி. பக்கத்து நாற்காலியில் மூடி திருகும் சத்தம் நின்றிருந்தது. ரெமிஜியுஸின் இரண்டு கையிலும் மீன் வாடை. எங்கே கழுவுவது என்று அவன் கேட்கவில்லை.